47 வயதுக் கணவன், காமெடி குறும்படம்: பாதிக்கு மேல் சிரிப்பு நின்றுவிடுகிறது

பாளை_ஸ்கிரிப்ட்:
அண்ணாச்சிமாரே, 22 பக்கக் கதை. களம் பாளையங்கோட்டை. கணவருக்கு 47 வயது, கூட்டுறவு வங்கிக் காசாளர், கல்யாணமாகி 21 வருஷம். மனைவி அம்பாசமுத்திரத்துக்குத் தாய்வீடு போன வாரத்தில் தலைக்கு டை அடிக்கிறார், பழைய புல்லட் வாங்குகிறார், ஜிம்மில் ஒரு பெண்ணோடு பேசப் பார்க்கிறார். 14-ஆம் பக்கத்தில் மனைவி திரும்பி வந்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறார். வாசித்துக் காட்டினால் அதோடு சிரிப்பு நின்றுவிடுகிறது. பிழை எங்கே? நெல்லைப் பேச்சு எவ்வளவு வைக்கலாம்? கடைசிக் காட்சி குற்றாலம். ஷூட்டிங் இரண்டே நாள்.

கதைப்பட்டறை:
பிழை 14-ஆம் பக்கத்தில் இல்லை, முதல் 13 பக்கத்தில் இருக்கிறது. மனைவி ஊரில் இல்லாததால் ஆளே இல்லாத வீட்டில் அவர் ஒளிக்கிறார். ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் 'தி செவன் இயர் இச்' (1955) படம் மனைவியை ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் தொடங்குகிறது. அங்கே கணவனுக்கு நடப்பதில் பெரும்பகுதி அவன் மனக்கற்பனை, அதனால் மனைவி பக்கத்தில் தேவைப்படவில்லை. உங்கள் ஆள் நிஜமாகவே செய்கிறார். அப்படியானால் மனைவி வீட்டிலேயே இருக்கட்டும், 4-ஆம் பக்கத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடட்டும். அவருக்குத் தெரியும் என்பது பார்ப்பவர்களுக்கும் தெரியும், கணவருக்கு மட்டும் தெரியாது. அதற்குப் பிறகு அவர் சொல்லும் ஒவ்வொரு பொய்யும் தானாகவே சிரிப்பாகும்.

வசனம் வேண்டாம். கொடியில் வெள்ளைத் துண்டு, ஓரத்தில் டைக் கறை. மனைவி அதை எடுத்துப் பார்க்கிறார், மடிக்கிறார், உள்ளே போகிறார். மறுநாள் காலை அதே கொடியில் கறுப்புத் துண்டு தொங்குகிறது. கணவர் யோசிக்காமல் எடுத்துத் தலை துவட்டுகிறார்.

இன்னொன்று: அவர் தேடுவது அந்த ஜிம் பெண்ணை அல்ல. 'மிட்லைஃப் கிரைசிஸ்' (நடுவயது நெருக்கடி) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸின் 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையே மரணத்தைப் பற்றியதுதான்: இனி இருப்பது கொஞ்சக் காலம் என்று முதன்முறையாக உறைப்பது. அதைக் கைக்கு அடக்கமான ஒரு பொருளில் வையுங்கள். வெள்ளெழுத்து நல்ல பொருள். கண்ணாடி போட மறுக்கிறார், டை பாக்கெட்டில் எத்தனை நிமிஷம் என்று வாசிக்க முடியவில்லை, பாக்கெட்டைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறார். கடைசியில் அதை வாசித்துச் சொல்ல மனைவிதான் வர வேண்டும். குற்றாலமே தேவைப்படாது.

தாமிரபரணிக்கரை:
பேச்சு பற்றி. வரிக்கு வரி 'ஏலே' போட்டால் நெல்லை ஆகாது. அது வினையில் இருக்கிறது: 'சொல்லுதேன்', 'பாக்குதேன்', 'நிக்கான்'. மனைவி கேட்க வேண்டியது 'எங்க போறீங்க' அல்ல, 'எங்க போறிய'. கணவர் 'ஏட்டி' என்பதை எல்லா இடத்திலும் ஒரே தொனியில் சொல்லக் கூடாது. கூப்பிட ஒன்று, கெஞ்ச ஒன்று, மாட்டிக்கொண்டபின் ஒன்று. நடிகரிடம் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். புல்லட் விற்கும் ஆளோடு 'என்னவே' சரி, கடைக்காரரிடம் 'அண்ணாச்சி'. 'சதி லீலாவதி'யில் (1995) கமலும் கோவை சரளாவும் இருவருமே கொங்குத் தமிழ் பேசுவார்கள். ஒருவர் மட்டும் பேசியிருந்தால் கேலியாகத் தெரிந்திருக்கும், இருவரும் பேசுவதால் அது அந்த வீட்டுப் பேச்சாகிவிடுகிறது. உங்கள் ஜோடிக்கும் அதே கணக்கு.

எடிட்_டேபிள்:
குற்றாலத்தை விடவே முடியாது என்றால்: 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது, அனுமதிக்கு அங்கேதான் போக வேண்டும். அருவி இரைச்சலில் லைவ் வசனம் எடுபடாது, காலர் மைக் வைத்தாலும் சரி. தூரத்து ஷாட்டை மட்டும் அங்கே எடுத்து, பேச்சை நிறுத்தி வைத்த காருக்குள் வையுங்கள். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள், ஒரே நாளை நம்பி இருக்காதீர்கள்.

வீட்டுக் காட்சிகளில் சீலிங் ஃபேனை அணைத்துத்தான் ஆக வேண்டும். வியர்க்கும், ஆகவே கணவருக்கு ஒரே மாதிரி மூன்று சட்டை. மனைவிக்குப் பருத்திச் சேலை; பட்டு என்றால் முந்தானைச் சரசரப்பு மைக்கில் ஏறும். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் 30 வினாடி வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் வெட்டி ஒட்டும்போது அதுதான் காப்பாற்றும். பொய் சொல்லும் இடங்களில் இருவரையும் ஒரே ஃபிரேமில் வைத்து, வசனம் முடிந்தபின் மனைவி முகத்தில் இரண்டு மூன்று வினாடி நில்லுங்கள். கணவருக்குக் குளோசப் வெட்டினால் சிரிப்பு வர இடமே இருக்காது.

பாளை_ஸ்கிரிப்ட்:
கறுப்புத் துண்டு போதும், குற்றாலத்தைத் தூக்கிவிட்டேன். டையை நடிகர் கேமரா முன்னால் நிஜமாகவே அடிக்கலாமா?

எடிட்_டேபிள்:
வேண்டாம். பல டைகளில் பிபிடி என்ற ரசாயனம் உண்டு, சிலருக்கு முகமே வீங்கிவிடும். அடித்தே ஆக வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்பே முழங்கை உள்மடிப்பில் துளி தடவிப் பார்க்க வேண்டும். அதோடு, ஒருமுறை நரை போய்விட்டால் அதற்கு முந்தைய காட்சியை மறுபடி எடுக்க முடியாது. நெற்றி ஓரத்துக்கும் காதுக்கும் கறுப்பு ஐப்ரோ பென்சில் போதும், தேங்காய் எண்ணெய் தொட்டால் போய்விடும். துண்டுக் கறைக்கு டிகாக்ஷனில் கறுப்பு வாட்டர் கலர். வெள்ளைத் துண்டு ஒரே மாதிரி ஆறு வாங்குங்கள், டேக்குக்கு ஒன்று. கறையை நாலு விரல் அகலத்துக்கு ஒரு மூலையில் மட்டும் வைத்து, முதல் துண்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றில் அதே இடத்தில் போடுங்கள்.