திறந்தவெளி மேடை, மூன்று நாள் நிகழ்ச்சி: முந்தைய நாள் எதையெல்லாம் சோதிப்பது?

அல்சூர்_ஒலி:

வணக்கம். பெங்களூர் அல்சூரில் விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல் போட்டு மூன்று நாள் நிகழ்ச்சி. ஒலி எங்கள் குழுவின் பொறுப்பு. முதல் நாள் நாதஸ்வரம், தவில். மறுநாள் வாய்ப்பாட்டுக் கச்சேரி. வயலின், மிருதங்கம், கடம். கடைசி நாள் மெல்லிசை: இரண்டு கீபோர்டு, ரிதம் பேடு, பேஸ் கிடார், தபலா, டிரம்ஸ், ஆறு பாடகர்கள்.

சாமான்கள்: எக்ஸ்32 மிக்ஸர், இரண்டு எஸ்16 ஸ்டேஜ் பாக்ஸ் (மேடை மைக்குகளைச் செருகும் பெட்டி), நான்கு டாப் ஸ்பீக்கர், நான்கு சப் வூஃபர், பவர் ஆம்ப்ளிஃபயர்கள், ஆறு மானிட்டர் (கலைஞர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்), எட்டு கார்ட்லெஸ் மைக். மிக்ஸருக்கும் மேடைக்கும் 40 மீட்டர். மின்சாரம் 62.5 கேவிஏ ஜெனரேட்டர். சீரியல் விளக்கு, எல்இடி திரை எல்லாம் அதிலேயேதான்.

இந்த மாதிரி மேடையில் வழக்கமாக வரும் தொல்லைகள் மூன்று. கீபோர்டைச் சேர்த்ததும் ஹம் (உறுமல் இரைச்சல்). கூட்டம் கூடிய பிறகு கார்ட்லெஸ் விட்டுவிட்டுக் கேட்பது. பாட்டு நடுவே இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) விழுந்து மேடை மொத்தமும் அணைவது. இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். நடுவில் கோளாறு தேட நேரமே இருக்காது. முந்தைய நாள் எதில் தொடங்கி எந்த வரிசையில் போவது?

மூணு_ஃபேஸ்:

கரண்டில் தொடங்குங்கள். மிக்ஸர் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். டிபி பாக்ஸில் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எதையும் மாட்டாமல் மல்டிமீட்டரால் அளங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240 வோல்ட், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு, இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 முதல் 415. டெஸ்டர் விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. எர்த் அறுந்திருந்தாலும் டெஸ்டர் எரியும், நியூட்ரல் அறுந்திருந்தாலும் எரியும்.

பிறகு ஃபேஸுக்கு ஒன்றாக ஹாலோஜன் விளக்கு மாதிரி ஏதாவது லோடு கொடுத்துவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் நியூட்ரல் வயர் மெலிது, அல்லது லக் (வயர் முனையில் இறுக்கும் உலோக இணைப்பு) எங்கோ தளர்ந்திருக்கிறது. லோடு இருக்கும்போதும் அச்சாக 0 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம். யாரோ போர்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள். நியூட்ரல் கரண்ட் எர்த் வழியாக ஓடி ஹம்மாக வந்து சேரும்.

எனக்கு மிகவும் பயம் தருவது மூன்று ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் கழன்றுபோவது. லோடு குறைவாக உள்ள ஃபேஸில் 230 வோல்ட் 300ஐத் தாண்டிப் போகலாம். 240 வரை என்று குறித்திருக்கும் கீபோர்டு அடாப்டர், கார்ட்லெஸ் ரிசீவர் எல்லாம் சில நொடிகளில் போய்விடும். ஆகவே மாட்டும்போது முதலில் எர்த், அடுத்து நியூட்ரல், கடைசியில் ஃபேஸ்கள். கழற்றும்போது தலைகீழ். இரண்டுமே ஜெனரேட்டர் நின்றிருக்கும்போதுதான். அரை மணி நேரம் லோடில் ஓடிய பிறகு, தொடாமல், இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒவ்வொரு லக்கையும் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடாக இருப்பது தளர்ந்த லக். மேடை போர்டுக்கு முன்னால் 270 வோல்ட்டில் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலே ஒன்று போட்டால் நிம்மதி.

இ.எல்.சி.பி. விழுவதற்கு வருவோம். அந்தப் பெயர் சொல்லிக் கேட்டால் இன்று கடையில் பொதுவாகக் கிடைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அது பாதியளவு கசிவிலிருந்தே, 15ஐத் தாண்டியதும், விழலாம். எர்த் உள்ள எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) கருவி ஒவ்வொன்றும் பழுதில்லாமலே கொஞ்சம் கசியும். இருபது கருவியை ஒரே ஆர்.சி.சி.பி.யில் மாட்டினால் விழாமல் என்ன செய்யும்? மேடை வாத்தியங்களுக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று, மிக்ஸருக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரியுங்கள். விழுகிறதே என்று அதை பைபாஸ் செய்யச் சொல்பவர் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மைக்கில் உதடு வைப்பவர் உயிருக்கு அதுதான் காவல்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. ஜெனரேட்டரில் நியூட்ரல் எர்த்தோடு பிணைக்கப்படாவிட்டால், கசியும் கரண்ட் திரும்பிப்போக வழி கிடையாது, ஆர்.சி.சி.பி. இருந்தும் பயனில்லை. அதன் டெஸ்ட் பட்டன் அப்போதும் வேலை செய்யும், ஏனென்றால் அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 60, 140 என்று நிலையில்லாத எண்கள் வந்தால் இதைச் சந்தேகப்பட்டு, ஜெனரேட்டர்காரரை எர்த் கம்பியையும் பிணைப்பையும் காட்டச் சொல்லுங்கள்.

ஒலிக்கு முழுதாக ஒரு ஃபேஸ். விளக்கும் எல்இடி திரையும் மற்ற இரண்டில். மேடை வாத்தியம், மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட், ஒரே எர்த். பாதி ஹம் அதிலேயே ஒழிந்துவிடும்.

மிக்ஸருக்கும் எஸ்16களுக்கும் தனித்தனி யுபிஎஸ். 600 விஏ போதும். ஆம்ப்ளிஃபயரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

ஓவர்_அண்டர்:

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஜெனரேட்டர் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து ஆடினால் சில யுபிஎஸ்கள் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். ஒரு மணி நேரத்தில் பேட்டரி காலி. சென்சிடிவிட்டி அமைப்பு இருந்தால் குறைத்து வையுங்கள். முந்தைய நாளே ஜெனரேட்டரில் மாட்டி அரை மணி நேரம் கேளுங்கள், டிக் டிக் என்று ரிலே அடிக்கிறதா என்று.

கேபிள் சோதனையை மேடையில் செய்யாதீர்கள், கோடவுனிலேயே முடித்துவிடுங்கள். மைக் கேபிளின் இரு முனையிலும் மூன்று பின் உண்டு; மீட்டரில் பின் 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 பீப் வரவேண்டும். இரண்டு முனையையும் ஆட்டிக்கொண்டே பாருங்கள், அறுந்த இழை அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்.எல்.ஆர். எனும் அந்த மூன்று பின் இணைப்பியின் உலோக உறைக்கும் பின் 1க்கும் இடையே பீப் வரக் கூடாது. சிலர் உறையோடு சேர்த்துப் பற்றவைக்கிறார்கள். அந்த மூட்டு இரும்புச் சட்டத்திலோ ஈரத் தரையிலோ பட்டதும் புதிதாக ஒரு எர்த் வழி உண்டாகி ஹம் வரும். மேடையில் கேபிளை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டு அலைவோம்.

எல்லாம் விரித்த பிறகு ஒரு விரைவுச் சோதனை உண்டு. மிக்ஸரில் மியூட் போட்டு 48 வோல்ட் ஃபேன்டம் (கண்டென்சர் மைக்குக்கு கேபிள் வழியே போகும் மின்சாரம்) கொடுங்கள். மைக் முனையில் பின் 1க்கும் 2க்கும், 1க்கும் 3க்கும் இரண்டிலுமே 48க்கு நெருக்கமாக வரவேண்டும். 2க்கும் 3க்கும் இடையே 0. ஒன்றில் மட்டும் வரவில்லையென்றால் அந்த இழை அறுந்தது. கேபிள், ஸ்டேஜ் பாக்ஸ், சேனல் மூன்றையும் ஒரே அளவில் பார்த்துவிடலாம். முடிந்ததும் ஃபேன்டத்தை அணைத்துவிட்டு, கண்டென்சர் மைக் உள்ள சேனல்களுக்கு மட்டும் திரும்பக் கொடுங்கள். கீபோர்டு அவுட்டை டிஐ பெட்டி (வாத்திய அவுட்டை மைக் லைனுக்கு ஏற்றபடி மாற்றுவது) இல்லாமல் எக்ஸ்.எல்.ஆரில் செருகி அதன்மேல் ஃபேன்டம் போனால் அந்த அவுட்புட் கெட்டுப்போகலாம்.

ஸ்பீக்கர் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர், சுமார் 0.4 ஓம். இரண்டு 8 ஓம் பெட்டியை இணையாக மாட்டி 4 ஓம் ஆக்கினால் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கேபிளைச் சூடாக்கவே போகிறது. ஆம்ப்ளிஃபயரை மேடைப் பக்கமே வைத்து 10 மீட்டருக்குள் முடியுங்கள். நீளம் தவிர்க்க முடியாவிட்டால் 4 சதுர மில்லிமீட்டர். பவர் கேபிள் டிரம்மை முழுவதும் அவிழ்த்தே பயன்படுத்துங்கள். சுற்றியபடி லோடு கொடுத்தால் உள்சுற்று உருகும்.

எக்ஸ்32க்கும் எஸ்16க்கும் ஷீல்டு உள்ள கேட்5ஈ, இரு முனையிலும் உலோக உறை உள்ள ஈதர்கான் இணைப்பி. ஷீல்டு இல்லாத ஆபீஸ் நெட்வொர்க் கேபிள் அமைதியான அறையில் ஓடும். மேடையில் ஒருவர் உடம்பின் நிலைமின்சாரம் பட்டதும் 'டக்' என்று இணைப்பு அறுபடலாம். இரண்டு கேபிளைச் சேர்த்தே இழுத்து, இரண்டாவதன் முனைகளை இரு பக்கமும் டேப் ஒட்டித் தயாராக வையுங்கள். முதலாவதை யாராவது மிதித்துக் கெடுத்தால் மாற்ற அரை நிமிடம்.

மூன்று நாளுக்கும் மூன்று சீன் (மிக்ஸரில் சேமித்த அமைப்பு), மூன்றையும் இரண்டு பென்டிரைவில்.

அல்சூர்_ஒலி:

இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். கீபோர்டு ஒன்றுக்கு இரண்டு பின் அடாப்டர். கோடவுனில் ஜாக்கின் உலோகத்துக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் மீட்டர் 90 வோல்ட் காட்டுகிறது, தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. இதை மேடையில் வைக்கலாமா? கார்ட்லெஸ் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மூணு_ஃபேஸ்:

இரண்டு பின் அடாப்டருக்குள் ஒரு சின்ன கெபாசிட்டர் வழியாகக் கசிவு வரும். மீட்டரின் உள்தடை மிக அதிகம் என்பதால் அந்தக் கசிவே 90 வோல்ட்டாகத் தெரியும். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் 22 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வாங்கி, இன்சுலேஷன் உள்ள கிளிப்பால் மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே மாட்டி மறுபடி அளங்கள். மாட்டும்போது கரண்ட் நின்றிருக்க வேண்டும். சில வோல்ட்டுக்கு விழுந்துவிட்டால் வெறும் கசிவு. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ போட்டு, அதன் கிரவுண்டு லிஃப்ட் (எர்த் இணைப்பைப் பிரிக்கும்) ஸ்விட்சை முதலில் சேர்த்த நிலையில் வையுங்கள், சுருக்கென்பது நிற்கும். ஹம் மிச்சமிருந்தால் மட்டும் லிஃப்ட் செய்து பாருங்கள்.

ரெசிஸ்டர் மாட்டியும் பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் அந்த அடாப்டரை மேடைக்கே கொண்டுவராதீர்கள். ஒரு கையில் எர்த் ஆன மைக், மறு கையில் அந்தக் கீபோர்டு என்றால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். ஹம் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைப்பதும் அதே ஆபத்துதான்.

நாலாவது_வரிசை:

கார்ட்லெஸ்: ரிசீவர்களை மிக்ஸர் பக்கம் வைத்திருக்கிறீர்களா? கூட்டம் கூடிய பிறகு விட்டுவிட்டுக் கேட்பதற்கு அநேகமாக அதுதான் காரணம். மனித உடம்பு அந்த அலைகளை நன்றாக விழுங்கும். காலி மைதானத்தில் 40 மீட்டர் கேட்டது, ஆட்கள் உட்கார்ந்ததும் கேட்காது. ரிசீவரை மேடை ஓரத்துக்குக் கொண்டுபோய், ஆன்டெனா தலைகளுக்கு மேலே, பாடகரிலிருந்து மறைப்பில்லாமல் இருக்கட்டும். ஒலியை எஸ்16 வழியாக எடுத்துவாருங்கள்.

எட்டு மைக்குக்கு அலைவரிசையைக் கையால் சம இடைவெளியில் போடாதீர்கள். 520.0, 520.4, 520.8 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தால், முதல் இரண்டும் கலந்து 520.4ஐ இரட்டித்து 520.0ஐக் கழித்த 520.8ல் ஒரு போலி அலையை உண்டாக்கும். மூன்றாவது மைக் அடிவாங்கும். தயாரிப்பாளர் தந்த ஒரே குரூப்புக்குள்ளிருந்தே சேனல்களை எடுங்கள். எல்இடி திரை எரியும்போதே ஸ்கேன் செய்யுங்கள். அதுவே ஒரு ரேடியோ இரைச்சல் மூலம். பிறகு எட்டையும் ஆன் செய்து, ஒவ்வொன்றாக அணைத்து, அதன் ரிசீவர் மௌனமாகிறதா என்று பாருங்கள். மற்ற ஏழும் ஓடும்போது அணைத்த மைக்கின் ரிசீவர் சிக்னல் காட்டினால் அந்தச் சேனலை மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் புது ஆல்கலைன் பேட்டரி. ரீசார்ஜ் பேட்டரி என்றால் 1.2 வோல்ட் என்பதால், டிரான்ஸ்மிட்டரில் பேட்டரி வகையை மாற்றினால்தான் அளவு சரியாகத் தெரியும்.

இவ்வளவு செய்தாலும், மேடை முன்புறம் இரண்டு வயர் மைக் ஸ்டாண்டோடு, சேனல் தயாராக, மியூட்டில் நிற்கட்டும்.

மானிட்டர்: எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம்தான் செவிடு, மானிட்டர் அங்கே. சூப்பர்கார்டியாய்டு என்றால் பின்பக்கத்திலிருந்து 55 டிகிரி ஒதுங்கி. இதைக் கவனிக்காமல் ஈக்வலைசரில் வெட்டிக்கொண்டே போனால் குரல்தான் செத்துப்போகும். நாதஸ்வரத்துக்கு டைனமிக் மைக். அணசுக்கு (விரிந்த அடிமுனை) நேராக வேண்டாம், விரல் துளைகளைப் பார்த்து இரண்டடி தள்ளி. தவில் கெயினை (மிக்ஸருக்குள் வரும் ஒலியின் அளவு) வித்வான் முழு வேகத்தில் வாசிக்கும்போது வையுங்கள், தட்டிப் பார்க்கும்போது அல்ல.

பெங்களூரில் சதுர்த்தி சமயம் மாலை மழை சகஜம். கேபிள் மூட்டுகளும் ஜங்ஷன் பாக்ஸும் தரையில் கிடக்கக் கூடாது; மரப்பலகை மேல், கேபிள் கீழிருந்து மேலேறி நுழையும்படி. ஆம்ப்ளிஃபயரை பிளாஸ்டிக் தாளால் சுற்றினால் காற்றில்லாமல் சூடாகி அணையும்; ஒரு முழம் இடைவெளி விட்டு மேலே கூரை மாதிரி கட்டுங்கள். பந்தல் துணியில் தண்ணீர் தேங்கி மொத்தமாகக் கொட்டும் இடத்துக்குக் கீழே மிக்ஸர் இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். டாப் பெட்டி ஸ்டாண்டில் நின்றால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஓரடி சதுர பிளைவுட், மேலே மணல் மூட்டை. ஈர மண்ணில் ஒரு கால் இறங்கினாலே பெட்டி சாய்ந்துவிடும்.