குறும்படத்தில பொறாமை வெறும் கோபமாத் தெரியுது, எங்க பிழை?

டச்சுபே_ரீல்:
வணக்கம். 15 நிமிடக் குறும்படம், களம் திருகோணமலைக் கடற்கரை. ஒரே மீன்பிடி வாடியில தொழில் செய்யிற ரெண்டு கூட்டாளிமார். ஒருத்தனுக்குப் போட்டுக்குப் புது எஞ்சின் கிடைக்குது, மற்றவனுக்கு எரிச்சல். தன்ர மனிசிக்கும் அவனுக்கும் ஏதும் தொடர்போ எண்டு சந்தேகமும் வருது. கடைசியில டாங்கில சீனியக் கொட்டி எஞ்சினைப் பழுதாக்குறான். ஸ்கிரிப்டை வாசிச்சவங்க "இவன் ஏன் இவ்வளவு கோவப்படுறான்?" எண்டுதான் கேக்கிறாங்க. வசனத்தில விளக்க விருப்பமில்ல. எங்க திருத்தலாம்?

கதைப்பட்டறை:
அவனுக்கு என்ன வேணும் எண்டதை நீங்க முன்னமே காட்டல்ல, அதுதான். கூட்டாளிக்கு எஞ்சின் வர முதலே இவன் அதே எஞ்சினுக்கு ஆசைப்பட்டிருக்க வேணும். ஒரு பக்கம் ஒரு நிமிடம் எண்டு வைச்சா, மூணாம் பக்கத்துக்குள்ள அது வந்திடணும். கடையில விலை கேட்டுட்டு, மூடியத் தடவிப் பாத்துட்டு வெளிய வாறது போதும்.

அடுத்தது, கிடைச்சவன் பெருமையடிக்கவே கூடாது. கொஞ்சம் திமிர் காட்டினாலும் பாக்கிற சனம் இவன் பக்கம் சாய்ஞ்சிடும், படம் பழிவாங்கல் கதையாப் போயிடும். அவன் நல்லவனா, இவன்மேல பாசமானவனா இருக்கட்டும். மிலோஸ் போர்மனின் 'அமதேயஸ்' (1984) படத்தில, மொசார்ட்டின் மனைவி கொண்டுவந்த கையெழுத்துப் பிரதிகளை, அவன்மேல பொறாமைப்படுற இசையமைப்பாளர் சலியேரி புரட்டுற காட்சியப் பாருங்க. அடித்தல் திருத்தல் எதுவுமில்ல. தாளுக்குத் தாள் இசை மாறிக் கேக்குது, கடைசியில அத்தனையும் கையிலிருந்து நழுவி விழுது. அந்த இசையின் பெறுமதிய வடிவா விளங்கினவன் அவன், அதனாலதான் அவ்வளவு வலி. உங்க ஆளும் எஞ்சின் வேலை தெரிஞ்சவனா இருக்கட்டும். புது எஞ்சினைப் போட்டில பூட்டிக் குடுக்கிறதே இவனா இருந்தா இன்னும் நல்லம்.

கை மாறுற ஒரு பொருளும் வேணும். ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில அவன்ர மனைவி டெஸ்டிமோனா தவறவிட்ட கைக்குட்டைய எமிலியா எடுக்க, அது இயாகோவிட்டப் போய், காசியோவின் இருப்பிடத்தில கிடக்குது. விஷால் பரத்வாஜ் அதே கதைய ஹிந்தியில எடுத்த 'ஓம்காரா'வில (2006) அதை இடுப்பு ஆபரணமா மாத்தினார். பொருள் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, ஆனா கெடுதல் செய்ய முதல் ரெண்டு தரமாவது சும்மா கண்ணில பட்டிருக்க வேணும்.

உப்புவெளி_எடிட்:
நடிகரிட்ட "பொறாமையாப் பாருங்க" எண்டு மட்டும் சொல்லிடாதீங்க. பல்லைக் கடிச்சு, கண்ணைச் சுருக்கி, நாடக வில்லனாத்தான் நிப்பார். கைக்கு ஒரு வேலை குடுங்க, முகத்தை வெறுமையா விடுங்க. முகம், பொருள், திரும்ப முகம் எண்டு வெட்டினா மிச்சத்தைப் பாக்கிறவரே நிரப்புவார். சோவியத் இயக்குநர் குலேஷோவ் சோதனை செய்து காட்டினது இதைத்தான். ரெண்டாவது முகத்தை நீங்க நினைக்கிறதை விட ரெண்டு செக்கன் கூடப் பிடிங்க. ஒவ்வொரு காட்சியிலயும் மற்றவன் கதைக்க இவன் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறதைத் தனியா 40 செக்கன் எடுத்து வைங்க. எடிட்டில கைகொடுக்கப்போறது அதுதான்.

உங்கட கதைக்கு இசையை விட ஸ்டார்ட்டர் கயிறு பெரிய ஆயுதம். இவன்ர பழைய எஞ்சின் நாலு இழுவைக்குப் பிறகு இருமி இருமி எழும்புது. மற்றவன்ரது ஒரே இழுவையில பிடிக்குது. அந்த நேரம் கமரா இவன்ர முகத்தில இருக்கட்டும், சத்தம் மட்டும் பின்னால வரட்டும். சத்தத்தைத் தனியாப் பதிஞ்சு வைங்க. ஜூன், ஜூலையில கச்சான் எண்ட தென்மேல் காத்து மைக்கைச் சும்மா விடாது, ஃபர் உறை இல்லாமப் போகாதீங்க.

இன்னொண்டு: கடலுக்கு மேல சூரியன் இறங்குற ஷொட் திருகோணமலை டச்சுபேக் கடற்கரையில கிடைக்காது, அது கிழக்குப் பக்கம். கடலில பொன் வெளிச்சம் வேணுமெண்டா விடிய 7 மணிக்குள்ள முடிக்கணும், பின்னேரம் எண்டா உட்துறைமுகப் பக்கம் போங்க.

கரைவலை:
சீனிக் காட்சியைத் தூக்கிவிடுங்கள். பெற்றோலில் சீனி கரையாது. அடியில் படியும், மிச்சத்தை பில்டர் பிடித்துக்கொள்ளும். கடற்கரையில் திரையிட்டால் அந்த இடத்தில் சிரிப்புத்தான் வரும். அவனுடைய படகு எஞ்சினை இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினாக வையுங்கள், அதற்கு எரிபொருளோடு ஒயில் கலக்க வேண்டும். பெற்றோலுக்கு வழக்கமான அளவு 50க்கு 1, அதாவது 25 லீட்டர் டாங்குக்கு 500 மில்லிலீட்டர். புது எஞ்சினுக்குத் தொடக்கத்தில் கம்பனி அதைவிடக் கூடுதலாகச் சொல்லும். ஒயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் சூடேறி நடுக்கடலில் இறுகிவிடும்.

ஆகவே அவன் எதையும் கொட்டத் தேவையில்லை. "மச்சான், டாங்கை நிரப்பி வை" என்று கூட்டாளி நம்பிச் சொல்லிவிட்டுப் போகிறான். இவன் பெற்றோலை மட்டும் ஊற்றி மூடுகிறான். பிறகு யார் கேட்டாலும் "மறந்துபோனேன்" என்று சொல்லிவிடலாம். பொறாமைக்காரன் இப்படிச் சாட்டுச் சொல்லக்கூடிய வழியைத்தான் தேடுவான். மேலே கேட்ட பொருளும் கிடைத்துவிட்டது: ஒயில் போத்தல்.

மனைவி மேல் சந்தேகத்தையும் விடச் சொல்லுவேன். அது மூன்று பேருடைய கதை, அதில் யாருக்கு எது தெரியும் என்பதுதான் விறுவிறுப்பு. 'வாலி'யில் (1999) தம்பியின் மனைவி மேல் அண்ணனுக்கு இருக்கும் எண்ணம் நமக்கும் அந்தப் பெண்ணுக்கும் தெரியும், தம்பி மட்டும் நம்பமாட்டான். அதைக் கட்டவே படம் முழுக்க வேண்டும். 15 நிமிடத்தில் இரண்டையும் போட்டால் இரண்டும் மூச்சுத்திணறும். மனைவி இருக்கட்டும், போத்தலைக் கவனிக்கிற ஆளாக.

டச்சுபே_ரீல்:
ஒயில் போத்தல் அருமை. நன்றி அண்ணா. ஆனா ஊத்தாம விட்டதைத் தொழில் தெரியாத ஆளுக்கு எப்படி விளங்கப்படுத்துறது?

கரைவலை:
முன்பே ஒருமுறை சரியாகக் கலப்பதைக் காட்டுங்கள், தன் பழைய எஞ்சினுக்கு இவனே அளந்து ஊற்றட்டும். ஒயில் மட்டம் வெளியே தெரிகிற போத்தலாக எடுங்கள். கடைசியில் டாங்கு மூடி இறுகும்போது அதே சட்டகத்தில் புது எஞ்சினுக்கான போத்தல் முட்ட நிரம்பி, சீல் உடைக்காமல் நிற்க வேண்டும். ஊற்றுகிற ஷொட்டுக்கு வேறு வெறும் டாங்கும் தண்ணீரும் போதும். அந்த டாங்கை முடிந்த கையோடு படகிலிருந்து இறக்கிவிடுங்கள், யாராவது தெரியாமல் எஞ்சினில் கொழுவிவிட்டால் பழுது உண்மையாகிவிடும்.