அலாஸ்கா க்ரூஸ்: அப்பா அம்மாவுக்கு பழைய மாதிரி பால்கனியா, ஜன்னல் இறங்குற ரூமா?

காவிரிக்கரை ராஜி

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஜூலைல அப்பா அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க, கும்பகோணம் பக்கம். சியாட்டில்ல கப்பல் ஏறி 7 நாள் அலாஸ்கா போய்ட்டு வர்ற க்ரூஸ்ல அவங்களை கூட்டிட்டு போறதா முடிவு பண்ணிட்டோம். ரூம் புக் பண்றதுலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.

செலிப்ரிட்டி எட்ஜ் கப்பல்ல பெரும்பாலான பால்கனி ரூம் எல்லாம் "இன்ஃபினிட் வராண்டா"ன்னு போட்டிருக்கு. வீடியோல பாத்தா பால்கனின்னு தனியா வெளில நீட்டிக்கிட்டு இல்ல, ரூமோட கடைசி சுவர் முழுக்க கண்ணாடி, பட்டனை அமுக்கினா மேல் பாதி கண்ணாடி கீழ இறங்குது, அவ்வளவுதான். இன்னொரு கப்பல்ல அதே வாரத்துக்கு வழக்கமான பால்கனி கிடைக்குது, கதவைத் தள்ளிட்டு வெளில போய் உக்காருற மாதிரி. விலைல பெரிய வித்தியாசம் இல்ல.

அப்பாவுக்கு 71. காலைல நாலரைக்கே எந்திரிச்சு திண்ணைல உக்காந்துருவாங்க, காபி வர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசமாட்டாங்க, ஐம்பது வருஷமா அதுதான் பழக்கம். அம்மாவுக்கு 66, ரெண்டு முட்டியும் வலி, குளிர் காத்து பட்டா உடனே தலைவலி வந்துரும். ஒருத்தருக்கு பாத்தா இன்னொருத்தருக்கு சரியா வரல. ரெண்டு டைப்லயும் இருந்து பாத்தவங்க யாராவது சொல்லுங்களேன். நாங்களும் எங்க பையனும் பக்கத்து ரூம் எடுக்கிறோம், ரெண்டும் ஒரே டைப்பாதான் எடுக்கப்போறோம்.

நங்கூரம்

ராஜி, நான் ரெண்டுலயும் போயிருக்கேன். உங்க அப்பா பழக்கத்தை படிச்ச உடனே எனக்கு தோணினது, கண்டிப்பா பழைய பால்கனி.

ஏன்னு சொல்றேன். பழைய டைப்ல நடுவுல ஒரு கதவு இருக்கு, கெட்டியான கண்ணாடி, அதுக்கு உள்பக்கம் தடிமனான திரை. அப்பா திரைக்குப் பின்னாடி நுழைஞ்சு கதவைத் தள்ளி வெளில போய் இழுத்து மூடிட்டார்னா உள்ள அம்மாவுக்கு வெளிச்சமும் இல்ல சத்தமும் இல்ல. ஜன்னல் டைப்ல நாங்க இருந்த ரூம்ல கருப்பு திரை வெளிக் கண்ணாடிலதான் இருந்துது. வெளில பாக்கணும்னா அதை ஏத்தியே ஆகணும், ஏத்தினா வெளிச்சம் நேரா கட்டிலுக்கு வருது. நடுவுல மடக்குற கண்ணாடிக் கதவு ஒண்ணு உண்டு, ஆனா கண்ணாடிதானே, வெளிச்சத்தை எப்படி தடுக்கும்? ஜூலைல அந்தப் பக்கம் எப்ப விடியும்னு நினைக்கிறீங்க? அலாஸ்கா தலைநகர் ஜூனோல நாலு மணி சுமாருக்கே சூரியன் வந்துரும். அப்பா நாலரைக்கு எந்திரிச்சா பட்டப்பகல் மாதிரி இருக்கும், அம்மா தூக்கம் தினமும் அதோட சரி.

ஏசி விஷயமும் பாருங்க, ஜன்னலை இறக்கினா ரூம் ஏசி நிக்கிற மாதிரிதான் வச்சிருக்காங்க. அலாஸ்கால அது பெரிசா தெரியாது, கரீபியன்ல வெயில் காலத்துல போனா தெரியும்.

இன்னொண்ணு உக்காந்து பாத்தாதான் புரியும். கண்ணாடி மூடியிருக்கும்போது மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்ற இடத்துல குறுக்க ஒரு சட்டம் வருது. நின்னா பிரச்சனை இல்ல. நாற்காலில உக்காந்தா சரியா கண்ணுக்கு நேரா கடல் எங்க முடியுதோ அங்க அந்தச் சட்டம். இறக்கிட்டா மேல் கண்ணாடி கீழ் கண்ணாடியோட ஒட்டி நின்னுக்கும், அப்போ கீழ பாக்கணும்னா ரெண்டு கண்ணாடி வழியா பாக்கணும், உப்புத்தண்ணி காஞ்ச திட்டு வேற. கடல் மோசமா இருந்தா கேப்டன் பக்கத்துலேர்ந்தே எல்லா ஜன்னலையும் மூடி பூட்டிருவாங்க, பட்டனை அமுக்கினாலும் இறங்காது. பாதுகாப்புக்குத்தான், தப்பு சொல்லல. ஆனா பால்கனின்னு காசு குடுத்தவங்களுக்கு வருத்தமாத்தான் இருக்கும்.

நீங்க ரெண்டு ரூம் பக்கத்து பக்கத்துல எடுக்கறதா சொன்னீங்க, பழைய பால்கனியா இருந்தா நடுவுல உள்ள தட்டியை ரூம் அட்டெண்டண்ட்கிட்ட கேட்டா நிறைய கப்பல்ல திறந்து விடுவாங்க. ரெண்டு பால்கனியும் ஒண்ணாயிரும், உங்க பையன் தாத்தா பக்கம் ஓடி வந்துட்டு இருப்பான். எங்க குடும்பத்துல அப்படி உக்காந்து ராத்திரி பத்து மணிக்கு வெளிச்சத்துல சீட்டு ஆடினோம், அது மாதிரி ஒரு சந்தோஷம் எங்கயும் வரல. ஜன்னல் டைப்ல அதுக்கு வழியே இல்ல.

டென்வர் மாலதி

நங்கூரம் அண்ணா சொன்னது எல்லாம் சரிதான், ஆனா அம்மா முட்டிவலியை யாரும் பாக்கலையே.

போன வருஷம் எங்க அம்மாவை எட்ஜ்லதான் கூட்டிட்டு போனோம், இன்ஃபினிட் வராண்டா. அம்மா வாக்கர் வச்சு நடப்பாங்க. கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும் ஒரே தரை, நடுவுல தடுக்குற மாதிரி எதுவும் இல்லாம போய் உக்காந்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி வேற ஒரு கப்பல்ல (பேர் வேண்டாம்) பழைய பால்கனி எடுத்திருந்தோம், அங்க கதவுக்குக் கீழ நிலைப்படி மாதிரி ஒரு மேடு. தண்ணி உள்ள வராம இருக்க வைக்கிறது அது. முட்டி மடங்காதவங்களுக்கு அதைத் தாண்டுறது ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை. கதவும் கனம். காத்து அடிக்கும்போது யாராவது ரூம் வாசக்கதவைத் திறந்தா பால்கனிக்கதவு கையை விட்டு பிடுங்கிக்கிட்டு போகும். அம்மா ரெண்டாம் நாளே "நான் உள்ளயே இருக்கேன்டி"ன்னு சொல்லிட்டாங்க. பால்கனிக்குன்னு காசு கட்டி, அம்மா அந்த வாரம் முழுக்க அங்க உக்காந்தது மொத்தம் அரைமணி நேரம்.

எட்ஜ்ல அப்படி இல்ல. எண்டிகாட் ஆர்ம்னு ஒரு ஃபியோர்டுக்குள்ள (மலைக்கு நடுவுல கடல் குறுகலா நீண்டு உள்ள போற இடம்) கப்பல் மெதுவா போச்சு, ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, மேலேர்ந்து கோடு கோடா தண்ணி விழுது, கடைசில டாஸ் க்ளேசியர், அதாவது பனியாறு. அம்மா சால்வையைப் போத்திக்கிட்டு மூடின கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் பாத்தாங்க. தண்ணில மிதந்து வந்த ஐஸ்கட்டி அப்படி ஒரு நீலம், நம்ம ஊர் துணிக்குப் போடுற சொட்டு நீலத்தைக் கரைச்ச மாதிரி. க்ளேசியர் கிட்ட போனதும் அம்மாவே பட்டனை அமுக்கி ஜன்னலை இறக்கச் சொன்னாங்க. தூரத்துல ஒரு பாளம் சத்தமே இல்லாம சரிஞ்சு விழுது, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுற நேரம் கழிச்சு இடி இடிச்ச மாதிரி சத்தம் வருது. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஐஞ்சு நிமிஷம் கழிச்சு குளிருதுன்னாங்க, மூடிட்டோம். வேணும்போது காத்து, வேண்டாதபோது ரூம். அம்மா மாதிரி ஒருத்தருக்கு அதைவிட வேற என்ன வேணும்?

ரூமும் பெருசா தெரியும், ஏன்னா பால்கனிக்குப் போற இடம் உள்ளயே சேந்துருது.

ஆறுமுகம் ரோட்டர்டாம்

இந்த ஜன்னல் டைப் எங்கேர்ந்து வந்துதுன்னு தெரிஞ்சா யாருக்கு சரிப்படும்னும் புரிஞ்சுரும். நான் இருக்கிற ஊர்ல ரைன் நதில போற க்ரூஸ் கப்பல்களை தினமும் பாக்குறேன். அதுங்க பெரும்பாலும் சுமார் 11.4 மீட்டர் அகலம்தான், டான்யூப் நதி வரைக்கும் போகணும்னா அதுக்கு மேல கட்ட முடியாது, ஏன்னா ரைன்லேர்ந்து டான்யூப் போற கால்வாய்ல லாக் (கப்பலை ஏத்தி இறக்குற தண்ணித்தொட்டி) அகலமே 12 மீட்டர். அந்தக் குறுகல்ல பால்கனிக்குன்னு ரெண்டு பக்கமும் இடம் விட்டா ரூம்ல கட்டில் போடக்கூட இடிக்கும். அதனால கண்ணாடியைக் கீழ இறக்கி ரூமையே பால்கனி ஆக்கினாங்க. ஆத்துல அலை கிடையாது, கரையும் பக்கத்துல, அங்க அது அருமையான யோசனை. 2018ல எட்ஜ் வந்தப்போதான் அது கடல் கப்பலுக்கு பெரிய அளவுல வந்துச்சு, பின்னாடி 2024ல ஐகான் ஆஃப் த சீஸ் கப்பல்லயும் அந்த மாதிரி ரூம் வச்சாங்க.

ஆத்துக்கு சரியா இருந்தது கடலுக்கும் சரியா இருக்கும்னு நான் ஒத்துக்க மாட்டேன். கடலுக்குப் போறவன் அந்தக் காத்துக்காகத்தான் போறான். நாலு பக்கமும் ரூம் சுவர் இருக்க ஜன்னலைத் திறந்து பாக்குறதும், கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு கடல் மேல நிக்கிறதும் ஒண்ணு ஆகாது. உங்க அப்பாவுக்கு அது தெரியும், திண்ணைல உக்காந்தவர்.

மில்பிடாஸ் பாலு

ராஜி மேடம், ரூம் இருக்கட்டும், முதல்ல கனடா விசா எடுத்தாச்சா? சியாட்டில்லேர்ந்து போற அலாஸ்கா கப்பல் எல்லாம் பெரும்பாலும் கனடால இருக்கிற விக்டோரியால நிக்கும். வெளிநாட்டுல பதிவான கப்பல் அமெரிக்கால கிளம்பி அமெரிக்காவுக்கே திரும்பினா நடுவுல ஒரு வெளிநாட்டு துறைமுகத்தைத் தொடணும், 1886ல போட்ட சட்டம். அப்பா அம்மா இந்திய பாஸ்போர்ட்னா கப்பலை விட்டு இறங்கலைன்னாலும் கனடா விசா வேணும். கையில இல்லைன்னா சியாட்டில்லயே ஏத்த மாட்டாங்க. எங்க சித்தப்பா சித்திக்கு இது தெரியாம பெட்டியோட துறைமுகம் வரைக்கும் போய் திரும்பி வந்தோம், கட்டின பணமும் வரல. அந்த ரெண்டு பேரும் கார்ல ஒரு வார்த்தை பேசல. ஊர்ல இருக்கும்போதே அப்ளை பண்ணி கைரேகை குடுத்துரச் சொல்லுங்க. இன்னிக்கே பண்ணுங்க, ப்ளீஸ்.

காவிரிக்கரை ராஜி

பாலு சார், கோடி புண்ணியம். அமெரிக்க விசா இருக்கு, அது போதும்னுல்ல நினைச்சுட்டு இருந்தேன். இப்பதான் தம்பிக்கு போன் போட்டேன், நாளைக்கே ஆரம்பிக்கிறான்.

மாலதி, நீங்க சொன்ன நிலைப்படி மேட்டை நான் யோசிச்சே பாக்கல. அண்ணா சொன்ன காலை வெளிச்சத்தையும் யோசிக்கல. ராத்திரி அப்பாகிட்டயே கேட்டுட்டேன், ரெண்டையும் வீடியோ கால்ல காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "அம்மாவுக்கு எது சௌரியமோ அதைப் போடு, நான் மேல டெக்ல போய் உக்காந்துக்குறேன்"னாங்க. அம்மா பின்னாடிலேர்ந்து "அவர் வெளில உக்காராம எப்படி இருப்பாரு, பால்கனியே போடு, நான் படுத்துக்குட்டே பாத்துக்குறேன்"னாங்க. இப்ப இன்னும் கஷ்டமாயிருச்சு எனக்கு.

நங்கூரம்

அப்பா சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு ராஜி. எந்த ரூம் எடுத்தாலும் க்ளேசியர் அன்னிக்கு மேல் டெக்தான் நல்ல இடம், கப்பலும் அங்க மெதுவா சுத்தித் திரும்பும், இடதுபக்கமா வலதுபக்கமான்னு கவலையே வேண்டாம். ஆனா நாலரை மணிக்கு தினமும் லிஃப்ட் பிடிச்சு மேல போறதும், எந்திரிச்ச உடனே வெளில உக்காருறதும் வேற வேற.

அம்மாவுக்காக ரெண்டு காரியம் பண்ணலாம். பழைய பால்கனி ரூம்லயே சக்கர நாற்காலிக்காரங்களுக்குன்னு ஒதுக்குற ரூம்ல அந்த மேடு இருக்காது, சின்ன சரிவு வச்சிருப்பாங்க. ஆனா உண்மையிலேயே அது தேவைப்படுறவங்களுக்குத்தான் அதைக் கேக்கணும், அம்மா நடக்குறாங்கன்னா விட்டுருங்க. சாதாரண ரூம்னா அந்தக் கப்பல்ல மேடு எவ்வளவு உசரம்னு போன் பண்ணி கேளுங்க, கப்பலுக்கு கப்பல் மாறும். அப்புறம் எட்ஜ்தான்னு முடிவானா, அதுலயே பின்பக்கம் சன்செட் வராண்டான்னு சில ரூம் இருக்கு, அது வழக்கமான பால்கனி. கப்பல் உடம்பு மறைக்கிறதால எதிர்க்காத்து அவ்வளவா அடிக்காது. சீக்கிரம் தீந்துரும், விலையும் கொஞ்சம் ஏறும், இப்பவே பாருங்க.

டென்வர் மாலதி

சன்செட் வராண்டா கிடைச்சா நானும் அதுக்கே ஓட்டு. கதவைத் திறக்கும்போது வாசக்கதவு மூடியிருக்கான்னு மட்டும் எல்லாரையும் பாக்கச் சொல்லுங்க. அம்மாவுக்கு காதை மூடுற மாதிரி குல்லா எடுத்துக்கோங்க, ஜூலைன்னு நம்பாதீங்க, ஐஸ் பக்கத்துல காத்து கத்தி மாதிரி இருக்கும்.

காவிரிக்கரை ராஜி

பாத்துட்டேன். பின்பக்கம் பக்கத்து பக்கத்துல ரெண்டு ரூம் இன்னும் இருக்கு. வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் போட்டுடறோம். அப்பாவுக்கு ஃப்ளாஸ்க் ஒண்ணு வாங்கணும், நாலரை மணிக்கு கப்பல்ல யார் காபி குடுப்பாங்க.