போர்ட் வைத்திருப்பவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடி ஆச்சி

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கிற போர்ட், எனக்கு வைத்து மூன்று வருடம் ஆகப்போகிறது. கீமோ முடிந்தே ஒன்றே முக்கால் வருடம் ஆச்சு. இன்னும் எடுக்கவில்லை, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்குக் கட்டி இடது மார்பில். அதனால் போர்ட் வலது பக்கம், காறை எலும்புக்குக் கீழே. முதல் இரண்டு கீமோ கையில்தான் ஏற்றினார்கள். இரண்டாவது தடவை நரம்பு கிடைக்காமல் ஐந்து இடத்தில் குத்தி, புறங்கை முழுக்கக் கறுத்துப்போனது. அப்புறம்தான் போர்ட். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு, நடுவில் சிலிக்கோன் மூடி, ஊசியை அதில்தான் குத்துவார்கள். அதிலிருந்து மெல்லிசாக ஒரு குழாய் கழுத்து நரம்பு வழியாக இறங்கி, இதயத்துக்கு மேலே இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் போகிறது. எல்லாம் தோலுக்கு அடியில், வெளியே ஒன்றும் தொங்காது. தையல் ஆறிய பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

இம்சை என்றால் சின்னச் சின்னதுதான். ரவிக்கையின் கழுத்துப் பட்டி சரியாக அந்த மேட்டில் வந்து உரசும். தையல்காரரிடம் சொல்லிக் கழுத்தை அகலமாக வைத்துத் தைத்துக்கொண்டேன். பேரன் ஓடிவந்து நெஞ்சில் முட்டுவான், அப்போது மட்டும் உயிர் போய் வரும். இப்போது அவனே "ஆயா, குமிழ் எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு இடது பக்கமாக ஏறி உட்காருகிறான்.

நான் செய்த தப்பைச் சொல்லத்தான் எழுத வந்தேன். கீமோ நடக்கிற வரை போர்ட்டை யாரும் மறக்க மாட்டார்கள். முடிந்த பிறகுதான் மறதி வரும். குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க, சலைன் என்கிற உப்புத் தண்ணீரை விட்டுக் கழுவுவதுதான் ஃப்ளஷ். என்னை நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஃப்ளஷ் பண்ண வரச் சொல்லியிருந்தார்கள். மகள் கல்யாணம், மறுவீடு, அது இது என்று மூன்றரை மாசம் போகவில்லை. எங்கள் பெரிய வீடு பூட்டித்தான் கிடக்கிறது. பங்காளிகள் முறை வைத்து மாசம் ஒரு நாள் திறந்து, வளவைப் பெருக்கி விளக்கேற்றிவிட்டு வருவோம். இல்லாவிட்டால் பூட்டே துருப்பிடித்துத் திறக்காது. அந்த முறையை ஒரு தடவைகூடத் தவறவிடாதவள், இதை விட்டுவிட்டேன்.

போனபோது சலைன் உள்ளே போனது, ரத்தம் திரும்பி வரவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள், இருமச் சொன்னார்கள், கழுத்தைத் திருப்பி, படுக்க வைத்து, எழுந்து உட்கார வைத்து எல்லாம் பார்த்தார்கள். ம்ஹூம். குழாய் நுனியில் ரத்தம் உறைந்து சவ்வு மாதிரி படிந்திருக்கும் என்றார் டாக்டர். கரைக்கிற மருந்தை உள்ளே விட்டு, ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு சிஸ்டர் சிரிஞ்சை இழுத்தபோது சிவப்பாக ஒரு நூல் மாதிரி ஏறி வந்தது பாருங்கள், பழனியாண்டவரே என்று கும்பிட்டேன்.

ஃப்ளஷ் பண்ணும்போது வாயில் ஒரு உப்புக் கசப்பு வருமே, அதற்குக் கல்கண்டு ஒன்றை முன்னாலேயே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

கானாடுகாத்தான், அப்பச்சிக்காக எழுதுகிறேன்

ஆச்சி, கல்கண்டு யோசனைக்கு நன்றி. அப்பச்சிக்குப் பெருங்குடலில் கட்டி. ஒவ்வொரு சுற்றிலும் திருச்சியில் பாதி மருந்தை ஏற்றிவிட்டு, மீதியை ஒரு பாட்டிலில் போட்டு போர்ட்டோடு இணைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். உள்ளே பலூன் மாதிரி ஒன்று இருக்கிறது, அது சுருங்கச் சுருங்க மருந்து போகிறது என்று அர்த்தம். சூடு பட்டால் வேகமாக இறங்கும் என்பதால் வெயில் படாமல் வைக்கச் சொன்னார்கள். அப்பச்சி பட்டாலையில் பாயை விரித்து, பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருப்பார். மூன்றாம் நாள் ஊசியை எடுக்க மறுபடியும் பயணம்.

அந்தப் பயணத்தை மிச்சப்படுத்தலாம் என்றுதான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். சுற்று எல்லாம் முடிந்த பிறகு ஒரு மாச ஃப்ளஷுக்கு, பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பண்ணிக்கொள்ளலாம் என்று போனோம். அந்தப் பையன் சாதாரண ஊசியை எடுத்தான். அப்பச்சியே கையைப் பிடித்துவிட்டார்: "தம்பி, இதுக்கு வளைஞ்ச ஊசி வேணும்ப்பா." அவன் "எல்லாம் ஒண்ணுதான் ஐயா" என்றான். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

தேவகோட்டை நர்ஸ்

எல்லா ஊசியும் ஒன்று இல்லை தம்பி. அப்பச்சி செய்ததுதான் சரி. அந்த வளைந்த ஊசியின் பெயர் ஹூபர் ஊசி. சாதாரண ஊசி சிலிக்கோன் மூடியைத் துணுக்குத் துணுக்காக வெட்டி எடுத்துவிடும், பிறகு மருந்து கசியும். ஹூபர் ஊசியின் முனை அதை விலக்கிக்கொண்டு போகும், எடுத்ததும் மூடிக்கொள்ளும். சிரிஞ்சும் 10 மில்லிக்குக் குறையக் கூடாது. சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாயே கிழியலாம். தள்ளி, நிறுத்தி, தள்ளி என்று விட்டுவிட்டுத்தான் சலைனைச் செலுத்துவோம். கடைசியில் பல ஆஸ்பத்திரிகளில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் என்ற மருந்து போட்டு மூடுவார்கள்.

எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை என்பது இடத்துக்கு இடம் மாறும், சிலர் எட்டு வாரம்கூட விடுகிறார்கள். உங்கள் டாக்டர் சொன்னதுதான் கணக்கு. ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: ஃப்ளஷ் பண்ணி வந்த அன்றைக்கே குளிர்ஜுரம் தூக்கிப் போட்டாலோ, போர்ட் இருக்கும் இடம் சிவந்து வலித்தாலோ, கழுத்தோ கையோ வீங்கினாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கவும் வேண்டாம், ராத்திரியானாலும் கிளம்புங்கள்.

போர்ட் வைத்தபோது கொடுத்த அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். ஸ்கேனுக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். சாயமருந்தை வேகமாக ஏற்ற எல்லா போர்ட்டும் தாங்காது.

காரைக்குடி ஆச்சி

அட்டை எங்கே வைத்தேன் என்று இப்போதுதான் தேடினேன். கல்யாணப் பத்திரிகைகளோடு பீரோவில் கிடந்தது, பர்ஸில் வைத்துவிட்டேன்.

தம்பி, காரில் போகும்போது அப்பச்சிக்கு பெல்ட் உறுத்துகிறதா? சின்னத் துண்டு ஒன்றை மடித்து நடுவில் வைத்துப் பாருங்கள். நான் அப்படித்தான் போகிறேன். அடுத்த ஃப்ளஷ் வியாழக்கிழமை.