கொள்கை அட்டவணையில் "பொருந்தாது" என்று எழுதும் நிறுவனத்திடம் பங்குதாரர் என்ன கேட்கலாம்?

கேள்வி:
வணக்கம். ஒரு சிமென்ட் நிறுவனத்தின் பங்குகளைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதன் ஆண்டறிக்கையின் முன்பக்கங்களில் கரியமில வாயு உமிழ்வைக் குறைப்பது பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் பின்னால் வரும் பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பும் நிலைத்தன்மையும் குறித்த) அறிக்கையில், அரசின் கொள்கைகள் குறித்து நிறுவனம் வலியுறுத்திய நிலைப்பாடுகள் எவை என்று கேட்கும் அட்டவணை முழுவதற்கும் "பொருந்தாது" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதே பக்கத்தில், சற்று மேலே, நிறுவனம் உறுப்பினராக உள்ள 10 தொழில் கூட்டமைப்புகளின் பட்டியல் இருக்கிறது. உமிழ்வை இலக்கைவிடக் குறைத்த நிறுவனங்கள் அந்த மிச்சத்தை மற்றவற்றுக்கு விற்க வழிசெய்யும் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டு, சிமென்ட் உள்ளிட்ட துறைகளின் உமிழ்வு இலக்குகளுக்கான வரைவு விதிகள் 2025 ஏப்ரலில் கருத்துக் கேட்புக்கும் வந்துவிட்டன. அந்தக் கூட்டமைப்புகள் அரசிடம் என்ன சொல்கின்றன என்பதை அறிய என்னைப் போன்ற சிறு பங்குதாரருக்கு வழி உண்டா?

பதில் 1:
நீங்கள் பார்த்தது, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த படிவத்தின் ஏழாம் கோட்பாடு, அதாவது அரசின் கொள்கைகளில் நிறுவனம் செல்வாக்குச் செலுத்துவது பற்றிய பகுதி. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் இந்த அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும். எனினும் நீங்கள் குறிப்பிட்ட இரண்டில் கூட்டமைப்புகளின் பட்டியல் மட்டுமே கட்டாயப் பகுதியில் வருகிறது. எந்தக் கொள்கையை, எந்த வழியில் வலியுறுத்தினோம், இயக்குநர் குழு அதை எத்தனை காலத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கிறது என்ற கேள்விகள் எல்லாம் விருப்பப் பகுதியில்தான் உள்ளன. ஆகவே உங்கள் நிறுவனம் விதியை மீறவில்லை. ஆனால் "வெளியிடவில்லை" என்பதும் "பொருந்தாது" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது சொல், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று பொருள்படுகிறது. அது உண்மைதானா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பதில் 2:
வெளிநாடுகளில் இந்தக் கேள்வி வாக்கெடுப்பு வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனத்தில், காலநிலைக் கொள்கையில் அரசைத் தன் பக்கம் இழுக்க அது செய்யும் லாபி, புவி வெப்பமடைவதைக் கட்டுப்படுத்தும் பாரிஸ் உடன்பாட்டோடு ஒத்துப்போகிறதா என்று அறிக்கை கேட்ட தீர்மானத்துக்கு 2020 மே மாதம் 53 சதவீத வாக்குகள் கிடைத்தன. மறு ஆண்டு எக்ஸான்மொபிலில் அதேபோன்ற தீர்மானம் ஏறக்குறைய 64 சதவீதம் பெற்றது. என் பார்வையில் அதைவிடப் பயனுள்ள முன்னுதாரணம் ஷெல் 2019இல் செய்தது. தான் உறுப்பினராக இருந்த 19 தொழில் சங்கங்களின் காலநிலை நிலைப்பாடுகளைத் தன்னுடையவற்றோடு ஒப்பிட்டு வெளியிட்டு, அமெரிக்க எரிபொருள் மற்றும் பெட்ரோகெமிக்கல் உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. ஷெல்லின் மற்ற செயல்களை நான் இங்கே நியாயப்படுத்தவில்லை. ஆனால் நிறுவனம் வாயால் சொல்வதும் அதன் சந்தாவில் இயங்கும் சங்கம் சொல்வதும் எங்கே மோதுகின்றன என்பது இப்படி அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பதில் 3:
அந்த நாடுகளின் சட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும், நண்பரே. அமெரிக்காவில் 2,000 டாலர் மதிப்புள்ள பங்குகளை 3 ஆண்டுகள் வைத்திருப்பவர் தீர்மானம் கொண்டுவரலாம். நம் நிறுவனச் சட்டத்தின் 111ஆம் பிரிவுப்படி, பங்குதாரர்கள் தங்கள் தீர்மானத்தை மற்ற பங்குதாரர்களுக்கு நிறுவனம் மூலம் சுற்றுக்கு விட, வாக்குரிமை உள்ள மூலதனத்தில் பத்தில் ஒரு பங்காவது அவர்கள் கையில் இருக்க வேண்டும். சிறு பங்குதாரருக்கு அது எட்டாக்கனி. எனவே இரண்டு வழிகளை முயலுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பில் பேச்சாளராகப் பதிவு செய்ய மின்னஞ்சல் முகவரியும் கடைசி நாளும் தந்திருப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். அந்த நிறுவனத்தில் முதலீடு செய்துள்ள மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் எழுதுங்கள். நிறுவனங்களின் நடத்தையைக் கண்காணித்து அவற்றோடு பேசும் பொறுப்பை செபி அவர்கள் மீது சுமத்தியிருக்கிறது.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பேச்சாளராகப் பதிவு செய்யப் போகிறேன். கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: "நாம் உறுப்பினராக உள்ள 10 கூட்டமைப்புகளில் எவை உமிழ்வு இலக்கு வரைவு விதிகள் குறித்து அரசுக்கு எழுத்துமூலம் கருத்துத் தெரிவித்தன? அந்தக் கருத்துகளை நம் இயக்குநர் குழு பார்த்ததா? பார்த்திருந்தால், அடுத்த ஆண்டறிக்கையில் அவற்றை நம் இலக்குகளோடு ஒப்பிட்டு வெளியிடுவீர்களா?" இதில் திருத்த வேண்டியது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.