1860களில் லண்டன் போன ஜப்பானிய மாணவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

நிலவன்:
ஜப்பானின் முதல் பிரதமர் இதோ ஹிரோபுமி இளவயதில் திருட்டுத்தனமாகக் கப்பலேறி லண்டனில் படித்தவர் என்று தெரிந்தது. அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனால் மரண தண்டனை என்றிருந்த காலம் அது. அப்படிப் போனவர்களுக்கு யார் இடம் கொடுத்தார்கள், கைக்காசு தீர்ந்தால் என்ன செய்தார்கள்? அரசியல் கதை எங்கும் கிடைக்கிறது, எனக்கு அவர்களின் அன்றாடப் பாடு தெரிய வேண்டும்.

கடலோடி:
1863இல் போனது ஐந்து பேர், எல்லாரும் சோஷூ பகுதி சாமுராய்கள். குடுமியை அறுத்துவிட்டு யோகோஹாமாவில் கப்பலேறினார்கள். இதில் இதோவும் இனோவே கவோருவும் அந்த வருடத் தொடக்கத்தில்தான் எடோவில் (இன்றைய டோக்கியோ) கட்டி முடியாத பிரிட்டிஷ் தூதரகத்துக்குத் தீ வைத்த கூட்டத்தில் இருந்தவர்கள்!

ஷாங்காயிலிருந்து இவர்கள் இருவரும் ஏறிய கப்பலில் பயணிகள் என்ற மரியாதையெல்லாம் கிடையாது, மாலுமிகளோடு சேர்த்து வேலை வாங்கினார்கள். மாலுமிகளுக்குக் கழிப்பறையும் இல்லை, கப்பல் ஓரத்தில் வெளியே நீட்டிய பலகைதான். இதோவுக்கு வயிற்றுப்போக்கு வேறு. அலை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்று இனோவே அவர் உடம்பில் கயிறு கட்டிவிடுவாராம்.

லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜின் வேதியியல் பேராசிரியர் வில்லியம்சன் சிலரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் அப்போது மதம் குறுக்கே நிற்கும், இந்தக் கல்லூரியில் அந்தக் கேள்வியே கிடையாது.

மாறன்:
காசு விஷயத்துக்கு யமாவோ யோசோவைப் பாருங்கள், ஐவரில் எனக்கு மிகவும் பிடித்தவர். 1866இல் கப்பல் கட்டும் தொழில் கற்க கிளாஸ்கோ போக நினைத்தார், வழிச்செலவுக்குக் கையில் ஒன்றுமில்லை. அப்போது லண்டனில் இருந்த, ஜப்பானின் இன்னொரு பகுதியான சாட்சுமாவின் மாணவர்கள் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டு 16 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். பகலில் நேப்பியர் கப்பல் பட்டறையில் வேலை, மாலையில் ஆண்டர்சன் கல்லூரியில் வகுப்பு. பட்டறையில் காது கேளாத தொழிலாளிகள் சைகையால் பேசிக்கொண்டு மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்வதைப் பார்த்தவர், ஊர் திரும்பியதும் 1871இலேயே அப்படிப்பட்டவர்களுக்குப் பள்ளி வேண்டும் என்று அரசுக்கு மனு எழுதினார்.

நிலவன்:
சாட்சுமாவும் சோஷூவும் ஜென்மப் பகையாளிகள் இல்லையா?

மாறன்:
ஆமாம், 1864இல் கியோட்டோவில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள்தான். அதனால்தான் அந்த 16 பவுண்டைப் பெரிய தொகை என்கிறேன்.

யாழினி:
அரசுப் பணத்தில் போனவர்களுக்கும் வேறு விதமான கஷ்டம் இருந்தது. 1871இல் அமெரிக்கா அனுப்பப்பட்ட ஐந்து பெண் பிள்ளைகளில் ட்சுதா உமேகோவுக்கு வயது 6. வாஷிங்டன் பக்கம் ஒரு குடும்பத்தில் வளர்ந்து 1882இல் திரும்பியபோது ஜப்பானிய மொழி மறந்தே போயிருந்தது, பெற்ற தாயிடம் பேச முடியவில்லை. ஆனாலும் 1889இல் பிரின் மார் கல்லூரியில் படிக்க மறுபடி போனார். அங்கே இருக்கும்போதே, தனக்குப் பின்னால் வரும் ஜப்பானியப் பெண்களின் படிப்புச் செலவுக்காகச் சுமார் 8000 டாலர் நிதி திரட்டினார்.