மறு: கொம்போஸில் வரும் ‘புரொஜெக்ட்’ – ‘வளவு’ சரிவருமா?

வணக்கம் எல்லாருக்கும்,

டொக்கர் கொம்போஸ் என்பது பல கொள்கலன்களை (தனித்தனியாக அடைத்து ஓடவிடும் மென்பொருள்களை) ஒரு கோப்பில் எழுதிச் சேர்த்து இயக்கும் கருவி. அப்படிச் சேர்த்த கூட்டத்தை அது ‘புரொஜெக்ட்’ என்கிறது. எங்கள் தமிழ்க் கையேட்டு வரைவில் அதற்கு ‘வளவு’ என்று போடலாம் என்றதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘திட்டம்’ என்றே போடலாமே. ஏன் புதுச்சொல் தேடி அலையவேண்டும்?

அலைய வந்த கதையைச் சொல்கிறேன். போன மாதம் என் மடிக்கணினியில் இரண்டு வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட உள்ள கடையொன்றுக்குப் பற்றுச்சீட்டு மென்பொருள், மற்றது எங்கள் ஊர் வாசிகசாலைக்கு நூற்பட்டியல். இரண்டும் வேறு வேறு கோப்புறைகளில்தான் இருந்தன. ஆனால் இரண்டுக்குள்ளும் ‘சேர்வர்’ என்று ஓர் உட்கோப்புறை, கொம்போஸ் கோப்பு அதற்குள். புரொஜெக்டுக்கு நாங்கள் பெயர் கொடுக்காவிட்டால் டொக்கர் கொம்போஸ் அந்தக் கடைசிக் கோப்புறையின் பெயரையே எடுத்துக்கொள்ளும். முழுப் பாதையைப் பார்க்காது. எனக்கு இரண்டாகத் தெரிந்தது அதற்கு ஒன்று. தரவுத்தளச் சேவைக்கும், அதன் தரவு சேமிக்கப்படும் இடமான வொலியூமுக்கும் இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான் வைத்திருந்தேன். வாசிகசாலை வேலையைச் சோதித்து முடித்து, துப்புரவாக இருக்கட்டும் என்று கொள்கலன்களை நிறுத்தி நீக்கும் ‘டவுன்’ கட்டளையை, வொலியூமையும் அழிக்கும் ‘வி’ தெரிவோடு கொடுத்தேன். கடையின் சோதனைத் தரவும் சேர்ந்து போய்விட்டது. மூன்று நாள் இருந்து கையால் தட்டினது.

இதைப் பக்கத்து மேசைத் தம்பிக்குச் சொன்னேன், “இரண்டு திட்டமும் ஒரே திட்டமாகிவிட்டது” என்று. “அண்ணை, எந்தத் திட்டத்தைச் சொல்லுறீங்கள்?” என்றான். நியாயமான கேள்வி. நாங்கள் செய்துகொடுக்கும் வேலையும் திட்டம், கொம்போஸ் ஒரு பெயரின் கீழ் சேர்த்து ஏற்றி இறக்கும் கொள்கலன் கூட்டமும் திட்டம் என்றால் யாருக்கு விளங்கும்?

> ‘தொகுதி’ பரவாயில்லையா?

தமிழ்நாட்டில் பரவாயில்லையாக இருக்கலாம். இங்கே இலங்கையில் பள்ளிக்கூடத்தில் நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி, சூரியத் தொகுதி என்று படித்து வந்தவர்கள் நாங்கள். அங்கே நரம்பு மண்டலம் என்பார்கள். தேர்தல் தொகுதி வேறு இருக்கிறது. அந்தச் சொல்லின் தலையில் ஏற்கெனவே போதுமான சுமை.

வளாகம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். நல்ல சொல், ஆனால் அளவு பெரிது. யாழ். பல்கலைக்கழகமே 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத்தான் தொடங்கியது. மூன்று கொள்கலனுக்கு வளாகம் கொஞ்சம் அதிகம்.

அதனால்தான் வளவு. ஒரு வேலி, உள்ளே ஒரு வீடோ நாலு வீடோ, ஒரு கிணறு, ஒழுங்கைக்குத் திறக்கிற படலை. கொம்போஸும் ஒவ்வொரு புரொஜெக்டுக்கும் இயல்பாகத் தனி வலையமைப்பு ஒன்று போடுகிறது. உள்ளே இருக்கிற சேவைகள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடலாம், அடுத்த வளவில் இருப்பதற்கு அது கேட்காது. இரண்டு வளவும் 5432 ஆம் துறையை (போர்ட்) வெளியே திறக்கப் பார்த்தால் இரண்டாவது எழும்பாது.

எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் வேறு. எங்கள் காணி உறுதிகளில் (பத்திரங்களில்) கிணற்றுப் பங்கும் எழுதியிருப்பார்கள், பல வளவுக்குப் பொதுவான கிணறு அது. கொம்போஸ் கோப்பில் ஒரு வொலியூமை ‘எக்ஸ்டர்னல்’ என்று குறித்தால் அதே கணக்கு: வளவுக்கு வெளியே உண்டானது, பலரும் அள்ளலாம், ஒருவர் ‘டவுன்’ கொடுத்து வெளிக்கிட்டாலும் கிணறு தூர்ந்துபோகாது. ‘பங்கு வொலியூம்’ என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கிறது. (வொலியூமைக் ‘கனவளவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பௌதிகப் பாடத்துக்குச் சரி. இங்கே போட்டால் அதற்குள்ளேயும் ஒரு வளவு வந்து நிற்கும்!)

> வளவு என்றால் இங்கே யாருக்குத் தெரியும்?

தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகளிலும் வளவு உண்டு; அங்கே அது வீட்டுக்குள்ளே இருக்கிற முற்றப் பகுதி. பொருள் கொஞ்சம் விலகுகிறது, சொல் அந்நியமில்லை. கொள்கலன் மட்டும் என்ன, துறைமுகத்தில் இருந்து வந்ததுதானே.

‘வளவுப் பெயர்’ என்பதைக் கையேட்டில் முதல் அத்தியாயத்திலேயே வைக்கவேண்டும். கோப்பின் மேலே ‘நேம்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் மூன்று நாள் தப்பியிருக்கும். அந்தப் பெயரில் சிறிய ஆங்கில எழுத்து, இலக்கம், இடைக்கோடு, அடிக்கோடு மட்டும்தான் வரலாம். கோப்புறைக்கு முழுக்கத் தமிழில் பெயர் வைத்துவிட்டு இந்த வரியை விட்டால், பெயர் வெறுமையாக இருக்கக்கூடாது என்று கொம்போஸ் மறுத்துவிடும். எங்கள் குழுவில் இது கட்டாயம் யாருக்காவது நடக்கும்.

இன்னொன்று முடிவாகவில்லை. கோப்பில் இருந்து நீக்கிய சேவையின் கொள்கலன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கொம்போஸ் அதை ‘ஓர்ஃபன்’ என்கிறது. வரைவில் ‘அநாதைக் கொள்கலன்’ என்று இருக்கிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை. ‘ஆளில்லாக் கொள்கலன்’ என்று மாற்றலாமா? ஆளில்லா வளவு எங்கள் ஒழுங்கையிலேயே நாலு இருக்கிறது, சொல் எல்லாருக்கும் உடனே விளங்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு வரைவைப் பூட்டிவிடுவேன்.